ஊடுவெளி

ஓ.சிறுவயலில் ஒரு ஏக்கர்.
கல்கால் நட்டு, கம்பி இழுத்து,
சின்னமனூரிலிருந்து அறுநூற்று நாற்பது பன்னீர்க் குச்சிகளை
ஈரச் சாக்கில் சுற்றி, டெம்போவில் மடியில் வைக்காத குறையாகக்
கொண்டுவந்து ஊன்றினேன்.

முதலில் துளிர்த்தது திராட்சை அல்ல.
கோரை.

சரளையைத் துளைத்து, செம்புறாங்கல் இடுக்கைப் பிளந்து,
சொட்டுநீர்க் குழாயின் கறுப்புத் தோலையும் குத்திக்கொண்டு
ஊசி ஊசியாக.
நான் கடன் வாங்கித் தண்ணீர் விட்டது
அதற்காகத்தான் என்பதுபோல.

சேவுகன் ரோட்டவேட்டர் ஓட்டினான்.
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
ஒரு கிழங்கை ஆறாக நறுக்கி
ஆறையும் பத்திரமாக விதைத்துவிட்டு
டீக்குக் காசு கேட்டான்.

பிறகு மருந்து.
"காத்து இல்லாத நேரமாப் பாத்து அடிங்க" என்றார்கள் கடையில்.
ஆடி மாதத்தில்
காற்று இல்லாத நேரம் எதுவென்று
பில்லில் எழுதித் தரவில்லை.
பதினோரு கொடிகள்.
இலை விசிறியாய் மடிந்து, நரம்பு வெளுத்து,
பத்து நாள் எடுத்துக்கொண்டு செத்தன.
அந்தப் பத்து நாளும் நான் தோட்டத்துக்கு
வேறு வழியாகப் போனேன்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்
ஓட்டைச் சாக்கிலிருந்து சிந்திய தட்டாம்பயறு
யாரும் கேட்காமல் முளைத்துப் படர்ந்திருந்தது.
ஒன்றுக்குப் போனவன் தற்செயலாகக் காலால் விலக்கினேன்.
அடியில் கோரை:
வெயில் பாராமல் வெளுத்து, இழையாய் இளைத்து,
ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பவரைப் போல.

அன்றைக்கு ராத்திரி கணக்கு நோட்டில்
மருந்து என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு
விதை என்று எழுதினேன்.

ஆவணியில் தூவினோம்.
சணப்பை, தட்டாம்பயறு, கைக்கு வந்த மட்டும் கொள்ளு.
குச்சியைச் சுற்றி இரண்டு முழம் மட்டும் வெறுந்தரை;
அது முத்துக்கருப்பாயியின் எல்லை.
காதில் ஒயரை மாட்டி யாரோடோ பேசிக்கொண்டே
களைக்கொத்தியால் வட்டம் போடுவாள்.
வட்டம் கோணியதில்லை.

ஒன்றை மறந்துபோயிருந்தேன்.
கம்பி யாருக்காக என்று தட்டாம்பயறுக்குத் தெரியாது.
திராட்சை முதல் கணுவில் யோசித்துக்கொண்டிருக்க,
இது மூங்கிலைப் பிடித்து, கொடியின் கழுத்தைப் பிடித்து,
மேலே ஏறி உட்கார்ந்து
காயும் விட்டது.
தினம் காலையில் பிரித்துவிட்டோம்,
சண்டையில் முடியைப் பிடித்தவளின் விரலைப் பிரிப்பதுபோல
ஒவ்வொன்றாக.
காய் முத்துக்கருப்பாயியின் மடிக்குப் போனது.
கூலியில் சேராது என்று முன்னமே சொல்லிவிட்டாள்.

சணப்பை பூத்த வாரம் பாங்க் அதிகாரி வந்தார்.
வரப்பில் ஷூவோடு நின்று, மஞ்சளைப் பார்த்து,
"தோட்டம் நல்ல களையா இருக்கே" என்றார்.
எந்தக் களை என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
இரண்டாம் தவணை அவர் கையில்.

பூவிலேயே மடக்க வேண்டும்.
விதை பிடித்தால் சணப்பையும் கோரைக்குப் பங்காளிதான்.
தெரியும். ஆனாலும் நான்கு நாள் தள்ளினேன்,
தேனீயைச் சாக்கு வைத்து.
ஐந்தாம் நாள் அரிவாள்.
வேரோடு வந்த ஒன்றில் முடிச்சுகள்;
நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்காத ஈறு.

அறுத்ததை அங்கேயே கிடத்தினோம், கனமாக.

கார்த்திகையில் மூன்று நாள் மழை.
பக்கத்துக் காட்டிலிருந்து கண்மாய்க்குச்
செங்கல் கரைத்த தண்ணீர் போனது.
என் வாய்க்காலில் டீ நிறம்.
தெளிவு என்று பொய் சொல்லமாட்டேன்.

கோரை இருக்கிறது.
மூடாக்கின் இடுக்கில் அங்கொன்று, இங்கொன்று;
அதற்கு அவசரம் கிடையாது.

செத்த பதினோரு இடமும் இன்னும் காலி.
தையில் சின்னமனூர் போகவேண்டும்.
அதுவரை அங்கே
கொள்ளு நிற்கட்டும்.